ஷார்ஜா கிடங்கில் சீனப் பெட்டிகள்

இரவு இரண்டே கால். ஷார்ஜா தொழில்பேட்டையின் கடைசி ரோடு. கராஜ்களெல்லாம் ஷட்டர் இறக்கியாகிவிட்டது. ஒரு வண்டிகூட இல்லை... அந்த ரோட்டின் முடிவிலிருந்த கிடங்குக்குள் ஒற்றை ஆள். எங்கள் ஊர் நர்ஸ் டெல்சியின் மூத்த அண்ணன், ஆன்சன். ஏசி டெக்னீஷியன், ராத்திரி டியூட்டி.

உள்ளே இருந்தவை புத்தகங்கள். சீனாவில் ஒரு மாகாணப் பொது நூலகம், நூறு வருடத்துக்கு மேல் பழையது, கண்காட்சிக்கு அனுப்பியிருந்தது. மரக்கட்டையில் எழுத்தைச் செதுக்கி அச்சடித்தவை. ஊர் ஊராக எழுதிவைத்த வரலாறுகள். எல்லாம் பெரிய பெரிய மரப்பெட்டிகளில். கூட வந்திருந்த நூலக மேடம் ஆன்சனிடம் சொன்னது ஒன்றுதான். ஈரம் படக்கூடாது. இவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது.

டப்... டப்...

டார்ச்சைத் தூக்கினான். கூரையில் ஏசி குழாய் விரிசல் விட்டிருந்தது. பார்க்கப் பார்க்கவே தண்ணீர் பெட்டிகளின்மேல் கொட்டத் தொடங்கிவிட்டது. வயரெல்லாம் நனைந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தான். டார்ச் கை நழுவி உடைந்தது. கும்மிருட்டு. கேட்டிலிருந்த காவலாளி நிஜாமுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. ஒரு பெட்டியைத் தனியாக இழுத்துப் பார்த்தான். அசையவேயில்லை.

அப்போது பெட்டியின் மறுமுனை எழும்பியது.

"நல்ல நேரத்துல வந்திய, பாய்."

மறுமுனையில் மூச்சிரைப்பு மட்டும்... இருவருமாகத் தூக்கித் தூக்கி நகர்த்தினார்கள். நாலு, ஏழு, பதினொன்று. ஆற்றுச் சேறு நாறியது. இந்த ஊரில் ஆறு ஏது? யோசிக்க நேரமில்லை.

கடைசிப் பெட்டி. தன் முனையை ஆன்சன் இறக்கிவைத்தான். போன் அடித்தது.

"தம்பி, கூப்பிட்டியா? பாத்ரூம் போயிருந்தேன். இப்பதான் கேட்டுக்கு வாறேன்."

நிஜாமின் குரல்.

போன் வெளிச்சம் கீழே விழுந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு வெறுங்கால்கள். ஊறி வெளுத்த கால்கள்...

கேட்டுக்கு எப்படி ஓடினானென்று அவனுக்குத் தெரியாது. விடியும்வரை நிஜாமின் கையை விடவில்லை.

காலையில் மேடம் வந்தாள். ஆன்சன் சொன்னதைக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். போர்க்காலத்தில், குண்டுக்குப் பயந்து, நூலகத்தின் புத்தகங்களைப் படகிலேற்றி மலைப்பக்கம் கொண்டுபோனார்களாம். படகு கவிழ்ந்தது. நூலக எழுத்தர் ஒருவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கரைக்குத் தள்ளினார். புத்தகம் எல்லாம் கரையேறியது. அவர் ஏறவில்லை.

சொல்லிக்கொண்டே கிடங்குக்குள் போனவள் சட்டென்று நின்றாள். ஆன்சனும் பார்த்தான்.

கடைசிப் பெட்டி. அவன் இறக்கிவைத்த முனை தரையில் இருந்தது. மறுமுனை இன்னும் தரையைத் தொடவில்லை... ஒரு சாண் உயரத்தில், அப்படியே நின்றது.