கற்பூரத்துக்குத் திறக்கும் புரதம்

மயிலாப்பூரில் இப்போதெல்லாம் நல்ல கற்பூரம் கிடைப்பதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா. பாதி மெழுகு. ஆயுதபூஜைக்காக மாடவீதி முழுக்க ஏறி இறங்கினேன்.

என் பெயர் வேதாந்தம். அடையாறு ஆய்வுக்கூடத்தில், உப்பளத்து நுண்ணுயிரிலிருந்து ஓர் ஊதாப் புரதத்தைப் பிரித்தெடுத்தவன். கண்ணாடியில் மெல்லிய படலமாகப் பூசினால் லேசருக்கு அது கதவு. சாதாரணமாகத் தடுக்கும், பக்கவாட்டில் இன்னொரு வெளிச்சம் பட்டால் வழிவிடும். நாம் ஒருமுறை இமைப்பதற்குள் பல்லாயிரம் முறை திறந்து மூடும். நாளைய கணினி வெளிச்சத்திலேயே ஓடுமென்றால் இப்படித்தான் ஓடும்.

என் மாணவன் கதிரேசன் அதற்குத் தன் பெயரை வைத்துக்கொண்டான். ஆய்வுக்கட்டுரையில் என் பெயரே இல்லை. என் பிரிவுபசார விழாவில், "மாமா உப்பு போட்டாரு, சமைச்சது நானு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஓய்வில் பொழுது போகவேண்டுமே. குளியலறையில் அதே நுண்ணுயிரை வளர்த்து, சோம்பேறிப் புரதம் ஒன்றை உண்டாக்கினேன். சின்னச் சுடருக்கே திறக்கும். மூடுவதற்கு மட்டும் அவசரப்படாது.

ஆயுதபூஜையன்று ஆய்வுக்கூடத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கருவிகளுக்கெல்லாம் ஓய்வு. விருந்தாளிகளுக்காகக் கதிரேசன் லேசரை மட்டும் ஓடவிட்டிருந்தான். அவனிடம் ஒரு வித்தை உண்டு. காப்புக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூடிய படலத்துக்கு எதிரே, கதிரை முகமளவு விரிக்கும் லென்ஸில் முகத்தை வைத்து, லேசர் தன்னைத் தொடாது என்று காட்டுவான். கருவிக்குச் சந்தனப் பொட்டு வைக்கிற சாக்கில் அவன் படலத்தை எடுத்துவிட்டு என் சோம்பேறியை வைத்தேன்.

"கண்ணாடி போட்டுண்டு பாரேன்டா," என்றேன். எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது.

"சும்மா இருங்க மாமா. என் புரோட்டீன் எனக்கு துரோகம் பண்ணாது."

"உன் புரோட்டீனா?"

"பின்ன இன்னா, உங்களுதா?"

அதற்குப் பிறகுதான், அவன் முகம் லென்ஸில் இருக்கும்போதே, கற்பூரத் தட்டை எடுத்துக் கருவிக்குக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கண்ணிமை ரொம்ப வேகம் என்பார்கள். அவ்வளவு வேகமில்லை.

இரண்டு கண்ணும் போயிற்று. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். தினமும் தி. நகர் வீட்டுக்குப் போய் அந்தக் கட்டுரையை அவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன், என் பெயரை முதலில் சேர்த்து. நேற்று, "மாமா, படலத்தை மாத்தினது யாரு?" என்று கேட்டான். சொன்னேன். அதனால்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

பழிவாங்கினேன் என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா. எனக்கு அவன்மேல் கோபமே கிடையாது. இருந்திருந்தால் காதை விட்டுவைத்திருப்பேனா?