கெட்டிமேளம் வரை

தங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தப் போன் என்னுடையதுதான், இன்ஸ்பெக்டர் மேடம். தினமும் காலையில் காப்பி குடித்ததும் அதை எடுத்து உறவினர்களை நலம் விசாரிப்பது என் வழக்கம். தஞ்சாவூர் அத்தானுக்குச் சர்க்கரை ஏறியது, தங்கையின் பேரனுக்குப் பல் முளைத்தது, எல்லாம் முதலில் என் காதுக்குத்தான் வரும். கோயிலைச் சுற்றிய பழைய கோட்டைக்குள் எங்கள் தெருவில் யாருக்கு என்ன சேதி வேண்டுமென்றாலும், "சேஷன்கிட்டக் கேளு" என்பார்கள்.

என் முதல் அழைப்பு எப்போதும் அண்ணா அனந்தனுக்கு. எஸ்டேட் ஆபீஸ் உத்தியோகம் முடிந்து மலையோரத்து ஊரான வித்துராவில் தனியாக இருந்தார்; மணமாகாதவர். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. அவர் போனை எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு மலையாளி ஹரிகுமாருக்குச் சொல்வேன். ஹரிகுமார் போய்க் கதவைத் தட்டுவார். நான் சொல்லாமல் தட்டமாட்டார். பிறர் எட்டிப் பார்ப்பது அண்ணாவுக்குப் பிடிக்காது.

என் மகள் ஸ்நேகாவின் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அதைச் சொல்லுமுன் ஒரு பழைய விஷயத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். அவளுக்கு முன்பே ஓர் இடம் நிச்சயமாகியிருந்தது. பந்தல் போட்ட அன்று ஒரு போன் வந்தது. நான் பார்த்தேயிராத பங்காளி ஒருவர் காலமாகிவிட்டார். பங்காளி இறந்தால் எங்களுக்குத் தீட்டு. தீட்டில் தாலி கட்டக் கூடாது. ஆனால் சேதி காதில் விழும்வரை தீட்டு இல்லை என்பதும் எங்கள் வழக்கம்தான். அந்தப் போனை எடுத்தவன் நான். கேட்டதை ஒளிக்காமல், கல்யாணம் செய்துவைக்க வந்த வாத்தியாரிடம் சொன்னேன். முகூர்த்தம் தள்ளிப்போயிற்று, சகுனம் சரியில்லை என்று பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். பிறகு பல வருஷங்கள் வரன் அமையவில்லை. என் மனைவி சுப்புலக்ஷ்மி என்னை ஒருபோதும் கடிந்துகொண்டதில்லை. ஒரே ஒரு முறை கேட்டாள்: "அந்தப் போனை எடுக்காம இருந்திருக்கப்படாதா?"

கடைசியில் மாப்பிள்ளையாகக் கைலாஷ் வந்தார். நல்ல பிள்ளை, நல்ல குடும்பம், சாஸ்திரம் பார்ப்பவர்கள்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்துக்குப் போகுமுன், பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டிருந்த தேங்காய்களை உடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணாவே கூப்பிட்டார்.

"சேஷா, நெஞ்சை அடைக்கறதுடா. மூச்சு விட முடியலை. ஹரியை வரச் சொல்லு."

"படுத்துக்கோங்கோ அண்ணா. இப்பவே சொல்றேன்."

"கல்யாணத்தன்னிக்குப் போய் உன்னைத் தொந்தரவு பண்றேன் பாரு."

குரலில் வெட்கம் இருந்தது. மீதியிருந்த தேங்காய்களை உடைத்தபடி நான் நிதானமாக யோசித்தேன். ஹரிகுமார் போனால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி என்றால் சேதி. அண்ணா இறந்துவிடுவார் என்று நான் நினைக்கவில்லை. இறந்தால் யார் எனக்குச் சொல்வார்கள் என்பதை மட்டுமே நினைத்தேன்.

ஹரிகுமாரை அழைத்தேன்.

"கல்யாண வேலைத் திரக்கிலயும் மறக்கலியே, சாரே. அண்ணன் போன் எடுக்கலியா? போய்ப் பார்க்கணுமா?"

"வேண்டாம். நன்னா இருக்கார், இப்பத்தான் பேசினேன். ராத்திரி தூக்கமில்லையாம். கதவைத் தட்டாதேங்கோ. நாளைக்குப் பாயசம் கொடுத்தனுப்பறேன்."

"பாலடைப் பாயசமா இருந்தா ரெண்டு பாத்திரமா அனுப்பணும், கேட்டோ."

மண்டபத்து வாசலில் ஒரு பிரம்புத் தட்டை வைத்து, வந்தவர்களின் போன்களை எல்லாம் அதில் வாங்கிவைத்தேன். "இன்னிக்கு ஒரு நாள் முகம் பார்த்துப் பேசுவோமே" என்றேன். சம்பந்திக்குப் பரம சந்தோஷம். இதை எல்லாக் கல்யாணத்திலும் செய்ய வேண்டும் என்றார். சமையல்காரர் கூப்பிடுவார் என்பதால் என்னுடையதை மட்டும் சத்தத்தை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அண்ணா பலமுறை கூப்பிட்டார். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது.

ஊஞ்சல் முடிந்து வந்த ஸ்நேகா என்னைத் தனியே அழைத்தாள்.

"அப்பா, பெரியப்பாக்கு வீடியோ கால் போடணும். முழங்கால் வலியில பாவம் வர முடியலை. தாலி கட்டறச்சே காட்டறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அவர் தூங்கறார்மா."

"பெரியப்பாவா? போன்ல உட்காரறதுக்குன்னு புதுச் சட்டையை இஸ்திரி போட்டு வெச்சிருக்கார்பா."

அப்புறம் காட்டலாம் என்றேன். அவள் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள்.

எங்கள் கல்யாணத்தில் பெண் தகப்பன் மடியில் உட்கார்ந்துதான் தாலி ஏற்றுக்கொள்ள வேண்டும். அவள் வந்து உட்காருமுன் போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்தேன். பேச்சில்லை, மூச்சு மட்டும். சேதி சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மனம் லேசாயிற்று. அண்ணாவும் கெட்டிமேளத்தைக் கேட்கட்டுமே என்று, அழைப்பைத் துண்டிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டேன். அதை அவருக்கு நான் செய்த மரியாதையாகவே இன்றும் கருதுகிறேன்.

"யாருப்பா போன்ல?" என்றாள் ஸ்நேகா, மடியில் அமர்ந்தபடி.

"சமையல்காரர்" என்றேன்.

மறுநாள் பெண்ணைப் புக்ககம் அனுப்பிய பிறகு, அண்ணா போனை எடுக்கவில்லை என்று ஹரிகுமாரிடம் சொன்னேன். கதவை உடைக்க வேண்டியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு இருந்தாராம். கொள்ளி வைத்தது முதல் எல்லாக் காரியத்தையும் ஒரு குறையில்லாமல் நானே செய்தேன். துக்கம் கேட்க வந்த ஸ்நேகாவிடம் ஹரிகுமார், "சார்தானே கதவைத் தட்டண்டான்னு சொன்னார்" என்று அழுதார். அவள் என் போனை எடுத்து, கல்யாணத்தன்று வந்த அழைப்புகளைப் பார்த்தாள். பிறகு அதைத் தங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுப் போனிலிருந்து தினமும் காலையில் அவளைக் கூப்பிடுகிறேன். எடுப்பதில்லை. தாங்கள் கூப்பிட்டால் எடுப்பாள். அவளிடம் ஒன்று மட்டும் தயவுசெய்து சொல்ல வேண்டும். தாலி ஏறியதும் அவள் மடியிலிருந்து எழுந்தாள். நான் போனைக் காதில் வைத்துக் கேட்டேன். மூச்சு இருந்தது. அது நிற்பதற்குள் வைத்துவிட்டேன். ஆகையால் அவள் கல்யாணத்தில் தீட்டு எதுவும் இல்லை.