வெந்நீர் ஊரில் மாமியார் முதுகு

பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலேறியதும், எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்த பெண் தன் தோழியிடம் சொன்னாள்: "மாமியார் முதுகை ஆசை தீரத் தேய்ச்சுட்டேன்டி."

"எங்கடி?"

"துருக்கியில. முந்தாநாள்தான் ரிட்டர்ன் வந்தோம். வெந்நீர் ஊத்து இருக்கற குட்டி ஊர். ரோமன் காலத்துக் குளமாம். இப்பவும் சுத்துப்பட்டு விவசாயிங்க முட்டிவலிக்கு வந்து வாரக்கணக்கா தங்கறாங்க. அங்க தேய்ச்சுவிடற அம்மா என்னை மாமியாரோட மகள்னு நினைச்சு, சொரசொரப்பான கிளவுஸை என் கையில மாட்டிட்டாங்க."

"இல்லைன்னு சொல்லலையா?"

"எனக்கு டர்கிஷ் தெரியாதே! பதினாறு வருஷக் கோவத்தையும் சேர்த்துத் தேய்ச்சேன்."

"மாமியார் கத்தலையா?"

"சுகமா இருக்குன்னாங்க. அப்புறம் கிளவுஸை வாங்கி மாட்டிக்கிட்டு, 'திரும்பி உக்காரும்மா'ன்னாங்க."

தோழி விழுந்து விழுந்து சிரித்தாள். சொன்னவள் மட்டும் இறங்கும்வரை இருக்கையில் முதுகைச் சாய்க்கவே இல்லை.