தேர் இழுத்த இடுப்பு

— ஓய் உமர் பாரூக் பாய்! யாரக் கேட்டுவே உம்ம இடுப்புவலித் தைலத்து வெப்சைட்டுல என் மூஞ்சியப் போட்டீரு?

— வாங்க காந்திமதிநாதன் அண்ணாச்சி! உக்காருங்க. சினிமா ஹீரோ கணக்கால்லா இருக்கிய அதுல!

— ஹீரோவா? கீழ என்னவே எழுதிருக்கீரு? ‘மூன்று வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். இரண்டே சொட்டு! இன்று நெல்லையப்பர் தேரையே இழுக்கிறார்!’ நான் என்னைக்குவே படுத்துக் கெடந்தேன்?

— கொஞ்சம் தூக்கிச் சொன்னாத்தான அண்ணாச்சி தைலம் போவும்? ஆனித் தேரோட்டத்துல எடுத்த படம். ரத வீதி பொது எடம். ஊரே பாத்துச்சுல்லா?

— பாக்கது வேற, விக்கது வேற வே. வக்கீல் வேணியம்மாட்ட கேட்டுட்டேன். என் சம்மதம் இல்லாம என் மூஞ்சிய வச்சு யாவாரம் பண்ணுனது ஒரு கேஸு. போடாத தைலத்தப் போட்டதாச் சொன்னது இன்னொரு கேஸு. நீரு கடையப் பூட்டிட்டு பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல்லயே பாயப் போட்டுப் படுக்கணும்!

— ரப்பே! அப்போ நோட்டீஸ எங்க?

— அதுலதாம்வே ஒரு சிக்கல்.

— என்ன சிக்கல்?

— ‘எனக்கு இடுப்புவலியே கெடையாது’ன்னு கோர்ட்டுல சத்தியம் பண்ணணுமாம். தேரன்னைக்கு ஊருக்கே லீவு, கங்கைகொண்டான்ல எங்க கம்பெனிக்கு மட்டும் கெடையாது. ‘சார், இடுப்பு போச்சு, எந்திரிக்க முடியல’ன்னு மேனேஜர்ட்ட போன்ல அழுதுட்டுல்லா வடம் பிடிக்க வந்தேன்!

— ஆத்தாடி! அழுதுட்டா தேர இழுத்திய?

— சிரிக்காதீரும். அந்த மனுசன் கண்ணுல இது பட்டுச்சுன்னா என் வேல போச்சு. சத்தமில்லாம அந்தப் படத்த எடுத்துரும்.

— எடுத்துருதேன். காலைல இன்னொருத்தரும் போன்ல வந்து கத்துனாரு. உங்களுக்குப் பின்னால தலப்பாக் கட்டி, பல்லக் கடிச்சுக்கிட்டு இழுக்காரு பாருங்க, அவருதான். சென்னைல மீட்டிங்குன்னு ஆபீஸ்ல சொல்லிட்டு வந்தாராம், பாவம்.

— எங்க, காட்டும்… இன்னும் பெருசாக்கும்… அட, விஸ்வேஸ்வரன் சாரு! எங்க மேனேஜருல்லா வே இது!

— சரி, இருங்க, இப்பமே அழிச்சிருதேன்.

— கைய எடும்வே! படம் அங்கனயே கெடக்கட்டும். ரெண்டு பேரு சம்மதத்தையும் நானே வாங்கித் தாரேன்.