இரண்டு வேளை மருந்து

மூக்கடைப்பை யாரும் பெரிய வியாதியாக நினைப்பதில்லை, அய்யா. பீங்கான் ஃபாக்டரியில் களிமண் சலிப்பவர்களுக்கு அதுதான் பெரும்பாடு. அம்புஜவல்லி அப்படித்தான் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்துப் பெண், தனிக்கட்டை. கம்பவுண்டர் பழமலையாகிய நானும் தனிக்கட்டைதான்.

மூக்கில் விடச் சொட்டு மருந்தும் தும்மலுக்கு மிக்ஸ்சரும் டாக்டர் எழுதினார். சொட்டு மருந்து மூன்று நாளைக்குத்தான். அதற்கு மேல் விட்டால் அந்த மருந்தே மூக்கை அடைக்கும். எனக்கு அது தெரியும். நாலாம் நாளும் கொடுத்தேன். தினம் சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்காருவாள். சூளையில் எத்தனை கோப்பை விரிசல் விட்டது, யார் யாரோடு சண்டை என்று சொல்லிவிட்டுப் போவாள். இரண்டு வருஷம் அப்படிப் போனது. அந்தக் கால் மணி நேரம் தவிர என்னோடு யாரும் பேசியதில்லை.

போன மாதம் ஒருநாள் சொன்னாள்:

"சேலத்துல தம்பி வூட்டோடயே போயிடறேங்க. அங்க இந்தத் தூசி இல்ல. காலைல ரயிலு. வழிக்கு மருந்து குடுங்க."

மிக்ஸ்சர் பாட்டிலில் காகிதப் பட்டை ஒட்டுவோம். அதன் ஓரத்தில் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டு வரை ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பார்த்துக் குடிப்பார்கள். எப்போதும் ஆறு வேளையாக வெட்டுவேன். அன்று இரண்டாக வெட்டினேன். தும்மல் மருந்தோடு தூக்க மருந்தும் சேர்த்தேன். ராத்திரியே ஒரு வேளை குடித்துவிட்டுப் படுக்கச் சொன்னேன். ஒரு ரயில் தவறினால் அவள் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன்.

காலையில் ஜங்ஷனுக்குப் போனேன். சேலம் ரயில் கிளம்பியது, அவள் வரவில்லை. சந்தோஷமாக ஒரு டீ குடித்தேன். அவள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். தூங்குகிறவளை எழுப்ப வேண்டாமென்று திரும்பிவிட்டேன். மத்தியானம் வரை மூச்சு இருந்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

அவள் தம்பி போலீஸில் உங்களிடம் கொடுத்த பாட்டில் அதுதான். பட்டை நான் வெட்டியது, மருந்து நான் கலந்தது. கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

மணிமுத்தாற்றங்கரையில்தான் புதைத்தார்கள். நேற்று வரை தினம் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். சேலத்துக்குப் போயிருந்தால் தினம் இப்படி வந்து உட்கார அவளுக்கென்று அங்கே யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.