மாப்பிள்ளையின் வயலை மூடிய விதம்

புல் முளைத்துவிட்டால் போதும், பெரிய மனிதர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். ஷூவில் சேறு படாமல் வரப்போரம் நின்று, "அருமை" என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் நிலச் சீரமைப்பு மேற்பார்வையாளனாக இருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான், ஐயா.

அடியில் கரியை எடுத்தார்கள். மேலே என் தங்கை வீட்டுக்காரரின் வயல் குழிந்து, நடுவில் ஆளையே விழுங்கும் அகலத்துக்கு வெடித்தது. பெரிய மனிதர்கள் பார்க்க வருகிறார்கள் என்று மேலிடத்தில் ஒரே அவசரம். வெடிப்பின் மேல் மூங்கில் தட்டியும் தார்ப்பாயும் போட்டு, மண்ணைப் பரப்பிப் புல் விதைத்தேன். வந்தவர்கள் கைகொடுத்துப் பாராட்டினார்கள். மாப்பிள்ளைக்கு மட்டும் மூக்கில் வேர்த்துவிட்டது. உட்கார்ந்தால் மண், எழுந்தால் மண் என்று பேசியே விருந்தாளிகளை விரட்டுகிற மனிதர் அவர்.

"மச்சான், எவ்வளவு தண்ணி விட்டாலும் அந்தக் கோடு மட்டும் காயுது. தண்ணி எங்க போகுது?"

"வெயில்தான் குடிக்குது."

"தோண்டிப் பாத்துரலாமா? இல்லன்னா ஆபீஸ்ல கேட்டுக்கறேன்."

சொந்த மச்சான் வேலைக்கே வேட்டு வைக்கப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

"எதுக்கு மாப்ளே தோண்டணும்? டிராக்டரைக் கொண்டாந்து ஆழமா உழுங்க. எல்லாம் சரியாயிடும்."

மண்வெட்டியோடு போனால் தட்டியைப் பார்த்துவிடுவார். டிராக்டரோடு போனால் பார்க்க நேரம் இருக்காது. மறுநாளே உழுதார். கல்யாணம் ஆனதிலிருந்து என் பேச்சை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

விளிம்பும் இடிந்து வண்டியும் ஆளும் வெடிப்புக்குள் போனதும் சுரங்க ஆட்கள் கயிற்றோடு ஓடி வந்தார்கள். கீழே விஷவாயு இருக்கும், முகமூடி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று, அதை எடுத்துவர எல்லோரையும் திருப்பி அனுப்பினேன். விதியும் அதுதான். அவர்கள் போன பிறகு கீழேயிருந்து குரல் வந்தது.

"மச்சான், இருக்கீங்களா?"

"இருக்கேன் மாப்ளே."

கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையில்லை. பிறகு பக்கத்தில் நின்ற புல்டோசரில் ஏறினேன்.

திரும்பி வந்தவர்களிடம் மண் சரிந்துவிட்டது என்றேன். தோண்டினால் இன்னும் சரியும் என்று மேலிடத்துக்கும் சொன்னேன், நம்பினார்கள். அடியில் பெரிய கல், அதன்மேல் சின்னக் கல், அப்புறம் களிமண் என்று அடுக்கடுக்காகப் போட்டு இடித்து இறுக்கினேன். என் சர்வீஸிலேயே ஒழுங்காக மூடிய வயல் அது ஒன்றுதான். இன்றுவரை ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

இவ்வளவு செய்து கொடுத்தும், அதில் ஒரு விதைகூடப் போட மாட்டேன் என்கிறாள் என் தங்கை. நன்றி என்பது அந்தக் குடும்பத்திலேயே கிடையாது, ஐயா.