கொஞ்சம் கூட்டுங்கண்ணா

எனக்குக் காதில் குச்சி விட்டுக் குடையும் பழக்கம் இல்லை. குடைகிறவர்களைப் பார்த்தாலே பதறுவேன். எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் பேனா மூடியால் காது குடைவார்; அதற்காகவே அவரோடு இரண்டு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். நாற்பத்தேழு வயதில் என் இரண்டு காதும் இருபது வயதுக்காரன் காதாக இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். காதை வைத்துப் பிழைக்கிறவன் காதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வாலுவுக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

வாலு என்பது நாங்கள் வைத்த பெயர். எங்கள் குழுவில் பாடுகிற பெண், இருபத்து நான்கு வயது. ஓர் இடத்தில் உட்கார மாட்டாள். வேனில் தூங்குகிறவர்களின் மூக்கில் நூல் விட்டு எழுப்புவாள். உங்கள் தாள்களில் அவளைப் பாதிக்கப்பட்டவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. வாலு என்றே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் மற்றது புரியும். கச்சேரியில் ஒலியைக் கூட்டிக் குறைக்க இரண்டு மிக்ஸர் உண்டு. ஒன்று அரங்கத்தின் நடுவில் இருக்கும். ஜனங்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று மேடை ஓரத்தில், திரையை ஒட்டி இருக்கும்; பாடுகிறவர்களுக்கு என்ன கேட்க வேண்டும் என்பதை அது பார்த்துக்கொள்ளும். நான் இரண்டாவதில் உட்காருகிறவன். பாடுகிறவர் காதில் இயர்போன் அடைத்திருக்கும். அவரவர் காதை அச்செடுத்துச் செய்தது. வெளியிலிருந்து பொட்டுச் சத்தம் உள்ளே போகாது. தன் குரலே ஆனாலும் நான் அனுப்பினால்தான் கேட்கும். மேடையிலிருந்து கூப்பிட்டுப் பேச முடியாது என்பதால் எல்லாம் சைகைதான். காதைத் தொட்டு விரலை மேலே காட்டினால் ஒலியைக் கூட்டு என்று அர்த்தம். கீழே காட்டினால் குறை.

இருபத்தெட்டு வருடமாக அக்காவின் காதுக்கு நான்தான் பொறுப்பு. எனக்கு ஒன்பது வயதில் அம்மா போனாள். அக்காவுக்கு அப்போது இருபது. ஹோட்டல் வரவேற்பறைகளில் யாரும் கவனிக்காத பாட்டுகளைப் பாடி அவள் என்னை வளர்த்தாள். எனக்குக் காய்ச்சல் என்றால் அங்கேயே பியானோவுக்குப் பின்னால் ஒரு போர்வையை விரித்துப் படுக்க வைத்துவிட்டுப் பாடுவாள். பிறகு பெரிய பாடகி ஆனாள், உங்களுக்கே தெரியும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நானும் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

பெரிய பாடகர் மேடை ஏறும் முன் அரை மணி நேரம் ஒரு சின்னவர் பாடுவார். எங்கள் பேச்சில் அது முன்பாட்டு. கூட்டம் இருக்கை தேடும், அடுத்தவர் காலை மிதிக்கும், வந்துட்டியா எங்க இருக்க என்று போனில் கத்தும். அந்த இரைச்சலின் மேல் போர்த்த ஒரு பாட்டு வேண்டும், அவ்வளவுதான். முன்பாட்டுக்கு அரங்கத்தில் ஒலியை முக்கால் அளவுதான் வைப்போம். விளக்கும் பாதிதான். பெரியவர் வந்ததும் எல்லாவற்றையும் முழுதாகத் திறப்போம். அவர் வந்ததால்தான் அரங்கம் நிறைந்தது என்று ஜனங்களுக்குத் தோன்றும். எல்லாக் குழுவிலும் இப்படித்தான் நடக்கிறது, யாரும் இதை அநியாயம் என்று சொன்னதில்லை. அக்காவும் ஒரு காலத்தில் முக்கால் ஒலியில் பாடியவள்தான்.

இந்தப் பயணத்தில் அக்காவுக்கு முன்பாட்டு பாடியவள் வாலு. முதல் ஊரில் அவள் பாடியபோது, இருக்கை தேடிக்கொண்டிருந்தவர்கள் நடைபாதையிலேயே நின்றுவிட்டார்கள். கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி. மூன்றாவது ஊரில் ஜனங்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்தார்கள். அது நல்ல குரல் என்று சொன்னால் போதாது. இருபத்தெட்டு வருடம் குரல்களோடு இருந்தவன் சொல்கிறேன், அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவில்லை.

ஆறாவது ஊரில்தான் அது தொடங்கியது. அக்காவின் மூன்றாவது பாட்டிலேயே பின்வரிசைகளில் ஆட்கள் எழுந்து போனார்கள். அவர்கள் கேட்க வந்ததைக் கேட்டாகிவிட்டது. அக்கா பாடிக்கொண்டே பார்த்தாள். இடைவேளையில் திரைக்குப் பின்னால் வந்து தண்ணீர் குடித்தாள்.

"என்னடா, நிறைய பேர் எழுந்து போறாங்க?"

"மழை வர்ற மாதிரி இருக்காம்க்கா. அதான்."

"மழையா? சரி சரி. பாவம், நனையாம வீடு போய்ச் சேரட்டும்."

கச்சேரி முடிந்து வேனுக்கு நடந்து வந்தோம். தரை காய்ந்து கிடந்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். என் தோளில் கை வைத்து ஏறி உட்கார்ந்தாள்.

அடுத்த ஊரில், அரங்க மிக்ஸரில் உட்காருகிறவரிடம் சொல்லி வாலுவுக்கு முக்கால் ஒலியைப் பாதியாக்கினேன். அதில் தவறு ஒன்றும் இல்லை, வழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் கூட்டம் என்ன செய்தது தெரியுமா? மூச்சைப் பிடித்துக்கொண்டு அமைதியாகிவிட்டது. இரண்டாயிரம் பேர் அவள் குரலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். விளக்கைக் குறைத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். ஒலி ஜனங்களுக்குப் போகிற வழியில் இனி நான் செய்ய எதுவும் இருக்கவில்லை. அவளுக்குப் போகிற வழி ஒன்றுதான் பாக்கி.

மிக்ஸரில் லிமிட்டர் என்று ஒன்று உண்டு. காதுக்குப் போகும் ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுத்து வைப்பது. பத்தாவது கச்சேரியில் வாலுவின் இயர்போனுக்கு மட்டும் அதை நீக்கினேன். ஒரு பொத்தான்தான். பிறகு ஒவ்வொரு கச்சேரியிலும் குமிழை மயிரிழை அளவு கூட்டினேன். ஒரே நாளில் கூட்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். காது பழகிக்கொள்ளும். பழகுவது என்று நாம் சொல்கிறோம், உண்மையில் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும். இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது பையிலிருந்து பஞ்சைக்கூட எடுத்துக் காட்டி, சும்மா இருக்கும்போது இதை வைத்துக் காதுக்கு ஓய்வு கொடு என்று சொல்லியிருந்தேன்.

ஏழெட்டுக் கச்சேரிக்குப் பிறகு நான் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. அவளே கேட்டாள். ஒத்திகையில் வந்து என் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொள்வாள்.

"அண்ணா, இன்னைக்கு எல்லாம் மந்தமா கேக்குது. கொஞ்சம் கூட்டுங்கண்ணா."

என் வயதுக்கு அவள் என்னை மாமா என்று கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் தொழிலில் எல்லோரும் அண்ணன்தான். கூட்டினேன். கேட்டதைக் கொடுத்தேன். வற்புறுத்தி ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் என் ஹெட்போனின் மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. அவள் தன் பழைய பூப்போட்ட சட்டையை வெட்டி அதற்கு உறை தைத்துக் கொடுத்தாள். தையல் கோணல்மாணல். "அழகா இல்லன்னா மூஞ்சிய திருப்பிக்கோங்க, காது ரெண்டும் சந்தோஷமா இருக்கும்" என்றாள். அதைப் போட்டுக்கொண்டுதான் மீதி எல்லாக் கச்சேரியும் வேலை செய்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். பிடிக்காமல் செய்தேன் என்று நீங்கள் எழுதினால் அது பொய்.

ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னாள்.

"அண்ணா, காதுக்குள்ள வண்டு மாதிரி ஒண்ணு ரீங்குதுண்ணா. நிக்கவே மாட்டேங்குது. டாக்டர்கிட்ட காட்டலாமா?"

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். அந்த நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் மீதி தப்பியிருக்கும் என்று உங்கள் டாக்டர் சொல்கிறார். எனக்கும் அது அப்போதே தெரியும்.

"டாக்டர்கிட்ட போனா மூணு மாசம் பாடாதேன்னுதான் சொல்வார்மா. இந்தப் பயணம் முடியட்டும். நல்லாத் தூங்கு, சரியாப் போயிடும்."

"நீங்க சொன்னா சரிண்ணா" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். என்னுடையதையும் சேர்த்துக் கழுவினாள்.

நாற்பத்தொன்றாவது கச்சேரிதான் கடைசி. வாலு மேடை ஏறினாள். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. முதல் வரியிலேயே சுருதி விலகியது. இது ஏதோ புது விதம் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். இரண்டாவது வரி இன்னும் விலகியது. வாத்தியக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரித்தபடியே என் பக்கம் திரும்பிக் காதைத் தொட்டு விரலை மேலே காட்டினாள். கூட்டினேன். மறுபடியும் காட்டினாள். கூட்டினேன். குமிழ் கடைசிக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் திருப்ப இடமில்லை. அந்தச் சத்தத்தை நான் என் ஹெட்போனில் ஒரு நொடி கேட்டுவிட்டுக் கழற்றி எறிந்தேன். அவள் விரல் மேலேயே இருந்தது. முகத்தில் சிரிப்பு போகவில்லை. நான் ஏதோ மறந்துவிட்டேன், இப்போது சரிசெய்துவிடுவேன் என்று நம்பிக்கொண்டு நின்றாள்.

பிறகு பாடுவதை நிறுத்தினாள். கூட்டம் சலசலத்தது; அது அமைதியாக இருப்பதாக நினைத்துக்கொண்டு அவள் சுற்றும்முற்றும் பார்த்தாள். மைக்கில், "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்டாள். தன் கேள்வி அரங்கம் முழுக்க ஒலித்தது அவளுக்குத் தெரியவில்லை.

அக்கா திரைக்குப் பின்னாலிருந்து ஓடினாள். காலில் செருப்புகூட இல்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அவள் விட்ட இடத்திலிருந்து அந்தப் பாட்டை எடுத்துப் பாடினாள். இருபத்தெட்டு வருடத்தில் அக்கா அப்படிப் பாடியதில்லை. பாடி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. ஒருவர்கூட வெளியே போகவில்லை. இந்தச் சூழ்நிலையில் இதைச் சொல்வது சரியில்லைதான், ஆனாலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் பக்கத்தில் கதவை அறைந்தால் தெரியும் என்கிறார்கள். அந்த நரம்பு திரும்ப முளைக்காது. அக்கா அதற்குப் பிறகு பாடவில்லை. தினமும் வாலுவின் வீட்டுக்குப் போய் எதிரில் உட்கார்ந்து வாயை மெல்ல அசைத்துப் பேசப் பழக்குகிறாளாம். மிக்ஸர் ஒவ்வொரு கச்சேரியின் அளவுகளையும் தானாகவே பதிந்து வைத்துக்கொள்ளும். அதை எடுத்து உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது அக்காதான் என்று எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் இல்லை. அவள் எப்போதும் நேரான ஆள்.

ஒன்பதாவது கச்சேரிக்கு மறுநாள் காலை அக்கா என்னிடம் என்ன சொன்னாள் என்று நேற்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அவள் ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பாள். நானும் சொல்லிவிடுகிறேன்.

விடுதியின் சாப்பாட்டு அறையில் இருந்தோம். அக்கா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாள்.

"அடுத்த ஊர்ல இருந்து நான் முன்பாட்டு பாடுறேன்டா. அவ பின்னாடி பாடட்டும்."

நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"ஏன்டா முழிக்கிற? சந்தோஷமாத்தான் சொல்றேன். அரை மணி நேரம் பாடிட்டு வந்து, கால நீட்டி உக்காந்து, அந்தப் புள்ளை பாடுறதைக் கேக்கணும்டா. நீயே அவகிட்ட சொல்லிடு. நான் சொன்னா அவளும் அழுவா, நானும் அழுவேன்."

சொல்கிறேன் என்றேன். வாலுவிடம் சொல்லவில்லை. அவள் மறுத்துவிட்டதாக, பயணம் முடியட்டும் என்று கேட்டுக்கொண்டதாக அக்காவிடம் சொன்னேன். "எவ்வளவு அடக்கம் பாரு" என்று அக்கா பூரித்துப் போனாள். அன்றைக்கு மாலைதான் லிமிட்டரை நீக்கினேன்.

அக்கா அப்படித்தான், அவளுக்கு விட்டுக்கொடுத்தே பழக்கம். அவள் மனசு அவளுக்கே தெரியாது, எனக்குத்தான் தெரியும். அறிவிப்பாளர் எல்லோருக்கும் கடைசியாக அவள் பெயரைச் சொல்லும்போது, திரை ஓரத்தில் இருப்பவர்கள் என்னைக் காட்டி, அவங்க தம்பி இவர்தான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அதை அக்கா இழப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.